வாலுக்குக் கொடுத்த கொசுறு

என் அக்கா வாய்விட்டுச் சிரிப்பதன் விலை அறுபது கிராம். குறைக்க முடியாது, பேரம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்குத் தையல் தொழில். எனக்கு ஆணியும் திருகும் எடைக்கு விற்கிற கடை. அத்தான், அதாவது அக்கா புருஷன், சாவி வெட்டுகிறவர். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வியாதி: கொசுறு போடாமல் கை நிற்காது. நான் எடை போட்டு முடித்த பிறகும் நாலு ஆணி அள்ளிப் போடுவேன். அக்கா சட்டைக்குள் யாரும் பார்க்காத இடத்தில் இன்னொரு தையல் ஓட்டுவாள். அத்தான் சாவியோடு வளையமும் மாட்டித் தருவார்.

ஐம்பது வயதில் அக்காவுக்கு ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம் கட்டும் ஆசை பிடித்தது. முதல் விமானம் எழும்பியது, மூக்கை வானத்துக்குத் தூக்கியது, அப்படியே நின்றது, விழுந்தது. இரண்டாவதும் அதே வரிசையில் விழுந்தது. பழியைக் காற்றின் மேல் போட்டோம். அது எதிர்த்துப் பேசாது. அக்கா அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை.

"மூணாவதும் விழுந்தா எல்லாத்தையும் பரண்ல ஏத்திடுவேன். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது தயாராகித் தையல் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை மைதானம். தராசில் வைத்துப் பார்த்தேன். வரைபடத்தில் போட்டிருந்ததைவிட எடை சற்றுக் கூடுதல்.

"கூட இருந்தா என்ன, குறைஞ்சாத்தானே கெட்ட பேரு" என்றார் அத்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இறக்கைக்கு அடியில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் ஒட்டியிருந்தன.

"இது எதுக்குக்கா?"

"வரைபடத்துல ரெண்டு பக்கமும் புள்ளி வச்சிருந்தாங்க. புள்ளி வச்சா பொத்தான்தானேடா."

விமானத்தை இறக்க வேண்டி அந்தப் பொத்தான்களில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினேன். வால் தொபுக்கென்று தொங்கியது. மூக்கு கூரையைப் பார்த்தது, விழுவதற்கு முன் இரண்டு விமானங்களும் பார்த்த அதே பார்வை.

முப்பது வருஷம் தராசு பிடித்த கைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "அக்கா, அது பொத்தான் வைக்கிற இடம் இல்ல. தூக்கிப் பிடிக்கிற இடம். இங்க பிடிச்சா நேரா நிக்கணும். வால் பாரம் ஜாஸ்தி."

மூக்கில் படிக்கற்களைக் கட்டிப் பார்த்தோம். பத்துக்கு அசையவில்லை. முப்பதுக்கு யோசித்தது. அறுபதுக்குத்தான் படுத்தது.

"அறுபது கிராம் ஈயத்தைச் சுமந்துக்கிட்டு இது பறக்காது, உருளும்" என்றாள் அக்கா.

மூக்கு பொத்தானுக்குக் கிட்டே இருக்கிறது. வால் மூன்று மடங்கு தூரம். வாலில் ஏறிய ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் கட்ட வேண்டும்.

"இது என்னடா கந்து வட்டியா இருக்கு" என்றார் அத்தான்.

"வட்டி கட்டுறதைவிட அசலைக் குறைக்கலாம். வால்ல என்னென்ன ஏத்தினோம்?" என்று கேட்டேன்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வால்தான் கடைசியில் முடிகிற வேலை. கடைசியில்தான் கொசுறு போடுவது எங்கள் வழக்கம். அக்கா வால் துணிக்கு மட்டும் இரண்டாவது மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். அத்தான் கடைசல் பிடித்த பித்தளைச் சக்கரம் மாட்டியிருந்தார். நான் என் கடைப் பெயரைக் கெட்டி வர்ணத்தில் எழுதியிருந்தேன்.

முதலில் பேட்டரியை மோட்டார் பக்கம் தள்ளினோம். அது காசில்லாத வைத்தியம். அக்கா கத்தரியை எடுத்துத் தன் மடிப்பைத் தானே பிரித்தாள். சக்கரத்தைக் கழற்றப் போனபோது அத்தான் முகம் சுருங்கியது.

"கொடுத்த கொசுறைத் திருப்பித் தர்ற வழக்கம் எங்கயாவது உண்டா?"

"திருப்பித் தரலைங்க, இடம் மாத்துறோம். இத்தனை நாள் பின்னால நின்னீங்க, இனிமே முன்னால வாங்க" என்று அக்கா சக்கரத்தை மூக்குக்குள் ஒட்டினாள். சக்கரத்துக்குப் பதிலாக வாலுக்கு வளைத்த கம்பியே போதும் என்றாயிற்று. அத்தான் முகம் மலர்ந்தது. என் கடைப் பெயரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

விரலில் தூக்கியபோது விமானம் தராசுத் தட்டு மாதிரி நேராக நின்றது.

மறுநாள் மைதானத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்த அக்கா தயங்கினாள். "மூக்கு ஒரு துளி கனமா இருந்தா பரவாயில்ல, வால் மட்டும் கனக்கக் கூடாது. ஒரு கொசுறு போடுடா." தராசும் இல்லை, ஆணியும் இல்லை. என் புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவளே பல்லால் கடித்து எடுத்து மூக்கில் ஒட்டினாள்.

விமானம் ஓடியது, எழும்பியது. மூக்கைத் தூக்கவில்லை. ஒரு வட்டம் அடித்து எங்கள் தலைக்கு மேல் வந்தபோது வாலில் என் கடைப் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"விளம்பரத்தை மட்டும் விட்டுட்டோமே, திருட்டுப் பயலே" என்று அக்கா சிரித்தாள். ரிமோட் குலுங்க, விமானமும் கூடவே குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கணக்கு இதுதான். பேட்டரி தள்ளிய வகையில் பதினாறு கிராம். மடிப்புப் பிரித்தது நாலு, மும்மடங்காகப் பன்னிரண்டு. சக்கரம் எட்டு, வாலை விட்டுப் போனதற்கு இருபத்துநாலு, மூக்குக்கு வந்ததற்கு எட்டு. ஆக அறுபது, நேர். எனக்கு வர வேண்டிய பாக்கி: பொத்தான் ஒன்று. தையல்காரியே வைத்துத் தர வேண்டும், இன்னும் தரவில்லை.