புடுங்கின கல்லு

எங்க வூட்டுக்காரர் அமீனுல்லாவுக்குப் பொய் சொல்ல வராது. பொண்ணு பாக்க வாணியம்பாடிக்கு வந்தப்பவே எங்க அத்தாகிட்ட, "உங்க வூட்டுச் செவுரு சாஞ்சிருக்குது மாமு, மழைக்கு வுழும்"னு சொன்ன மனுசன். இப்படிப்பட்டவர் எலெக்சன்ல நின்னா பொண்டாட்டி வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்க மாட்டாளா?

நின்னாரே! ஜவ்வாது மலைக்கு ரோடு போட, எஞ்சினியர் உத்தியோகத்துல இருந்தப்பவே பிளான் போட்டுக் குடுத்தது இவருதான். மேலதிகாரி, "சட்டசபையில கேக்க ஆளில்லாத ஊருக்கு எவன்யா ரோடு போடுவான்?"னு சிரிச்சிருக்காரு. இவரு வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்து, "நானே போய்க் கேக்கறேன் ஜாஹிதா"ன்னாரு. அறுபத்திரண்டாம் வருச எலெக்சன். சுயேச்சை. கோவத்துல நான் அவருகூடப் பேசவே இல்ல. அப்புறம் நானும் கெளம்பிட்டேன். தனியா வுட்டா இன்னா பேசி வெப்பாரோன்னு பயம்.

போளூர் பக்கம் ஓட்டு பாதிக்குப் பாதியா நின்னுச்சு. மலை ஓட்டு வுழுந்தாத்தான் ஜெயிப்பு, இல்லன்னா உத்தியோகமும் போச்சு, ரோடும் போச்சு.

அடிவாரத்துல சந்தவாசல்ல ஜீப்பை வுட்டுட்டு மலையேறினோம். மொத ஊருக்குள்ள போனா, தெருவுல இருந்து உச்சி வரைக்கும் நேரா வெள்ளையடிச்ச கல்லு. எலெக்சன்ல எதிர்த்து நின்ன ஆளு நட்டுட்டுப் போயிருக்கான், இப்படித்தான் ரோடு வரப்போகுதுன்னு. ஊர்க்கவுண்டரு ரங்கன் ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சக் குங்குமம் வேற வெச்சிருக்காரு.

அல்லாவே, இது இந்த மனுசன் கண்ணுல படக்கூடாதேன்னு வேண்டிக்கினேன். பட்டுச்சு. ஒரு கல்லாண்ட நின்னாரு, மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. "இந்தச் சரிவுல பஸ் ஏறாது, உருண்டுடும்"னாரு. குனிஞ்சு கல்லைப் புடுங்கிட்டாரு.

அவ்வளவுதான்! "ஐயோ, ரோட்டைப் புடுங்கிட்டான்!"னு ஊரே கத்துச்சு. ரங்கன் கையில தடியோட வந்துட்டாரு. நான் தலையில அடிச்சுக்கினேன். "இன்னாங்க, ஓட்டு கேக்க வந்தீங்களா, ஒதை வாங்க வந்தீங்களா? கல்லை வெச்சுடுங்க!"

அவரு வெக்கல. புள்ளையாட்டம் கல்லை இடுப்புல அணைச்சுக்கினு நின்னாரு.

கூட்டத்தை வெலக்கிக்கினு கெங்கம்மான்னு ஒரு பொம்பள வந்தா. "அப்போ ரோடு எங்க வரும்?"னு கேட்டா.

இவரு கைய நீட்டினாரு. "மலையைச் சுத்தி வளைஞ்சு வரணும். தோ, சாமை வெளையுற அந்தக் கொல்லை நடுவுல."

"அது என் கொல்லை."

அப்பவாவது வாய மூடலாமில்ல? "பாதி போயிடும்மா, வேற வழியில்ல"ன்னாரு.

கெங்கம்மா கொல்லைப் பக்கம் திரும்பினா. "என் மவளுக்குப் புள்ள வலி வந்தப்போ டோலி கட்டித் தூக்கினு போனாங்க. பாதி மலையிலயே செத்துப்போயிட்டா"ன்னா. அவ அழல. எனக்குத்தான் அழுகை முட்டிக்கினு வந்துச்சு. ஓட்டு ஓட்டுன்னு பறந்தேனே, சீன்னு ஆயிடுச்சு. ரங்கன் தடியக் கீழ போட்டுட்டாரு.

"வா, எங்க நடணும்னு காட்டு"ன்னு கெங்கம்மா கொல்லைப் பக்கம் நடந்தா. கல்லோட இவரு, அவரு பின்னாடி ஊரே போச்சு.

ஜெயிச்சுட்டாரு. மலை ஓட்டு அள்ளிக் குடுத்துச்சு. போளூர்ல எண்ணி முடிச்சதும் கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. அந்த நெரிசல்ல எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கினு கெங்கம்மா வந்து நின்னா. மலையில இருந்து நடந்தே வந்திருக்கா.

"எப்போ வெட்டப் போற என் கொல்லைய?"

பக்கத்துல இருந்தவங்கள்லாம், அடுத்த மாசம்னு சொல்லுங்கன்னு அவரு காதுல ஊதினாங்க. எனக்குத் தெரியும், எப்படியும் கேக்கப் போறதில்ல. இவரு மாலையைக் கழட்டிட்டு, "இந்த வருசம் வராதும்மா. நான் போய்ச் சண்ட போட்டுத்தான் பணம் வாங்கணும். கண்டிப்பா வாங்குவேன், ஆனா எப்போன்னு தெரியாது"ன்னாரு.

ஜெயிச்ச அன்னிக்கே இப்படியா பேசுவாருன்னு சுத்தி நின்னவங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப் போச்சு.

கெங்கம்மா முந்தானைய ஒதறிச் சொருவிக்கினா. "சரி, அப்போ இந்த மழைக்குச் சாமை வெதச்சுக்கறேன். அறுப்புக்கு முன்னாடி மட்டும் வந்துடாத!"