கட்டைக்காரர் பெயர்

தெற்குத் தெரு முக்கில் தேர் நின்றது. அங்கே திரும்ப வேண்டுமானால் சக்கரத்தடியில் சறுக்குக் கட்டை விழ வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொரு முக்கிலும் கட்டைக்காரரை மைக்கில் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர் 'விழுந்தாச்சு' என்று குரல் கொடுத்த பிறகுதான் வடம் அசையும்.

"பெருமாள், கட்டை" என்றார் அரண்மனைக் கணக்கர் அருணாசலம்.

பெருமாள்ராஜ் கட்டையை மடியில் வைத்தபடி சக்கரத்தருகே குந்தியிருந்தார். அசையவில்லை.

பெயர்ப் பட்டியல் அரண்மனையில் எழுதப்படுவது. ஜமீன் ஒழிந்து எழுபது வருடம் கழிந்தும், அதில் அரண்மனைக்காரர் தவிர வேறு யார் பெயரிலும் ராஜா, ராஜ், ராணி கிடையாது. பெருமாள்ராஜின் அப்பா மணிராஜ், வெறும் 'மணி'யாகவே நாற்பது தேருக்குக் கட்டை போட்டுவிட்டு, போன ஐப்பசியில் இறந்தார். மகனுக்கு இது முதல் தேர். முழுப் பெயர் சொன்னால்தான் கட்டை என்று கொடியேற்றத்தன்றே சொல்லியிருந்தார்.

அருணாசலம் மைக்கை அணைத்துவிட்டு வந்தார். "என்ன வே, ஊரே வெயில்ல நிக்கி."

"பேரைச் சொல்லும் அண்ணாச்சி. போடுதேன்."

"ராஜான்னா ஆளுதவன். அது அரமனைப் பட்டம். நீரு எந்த நாட்ட ஆளுதீரு?"

"அவுக எந்த நாட்ட ஆளுதாவ? மெட்ராஸ்ல வீட்ட வாடகைக்கு விடுதாவ."

வடம் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவுக பட்டம் வெள்ளைக்காரன் கடுதாசியில குடுத்தது. என் பேரு எங்க அம்மை வச்சது. பால் குடிக்காம அழுத பிள்ளைய இந்த ஊர்ல எல்லா அம்மையும் ராசான்னுதான் கூப்பிட்டிருக்கா. உம்ம அம்மையும்தான்."

"வேற ஆளைப் போட்டா அடுத்த வருசம் உமக்கு இந்த வேலை இருக்காது."

"போடும்." பெருமாள்ராஜ் கட்டையை நீட்டினார்.

அருணாசலம் மறுசக்கரத்துக் கட்டைக்காரர் தளவாயைப் பார்த்தார். தளவாய் தன் கட்டையையும் தரையில் வைத்தார். பெண்கள் வடத்தில் நின்ற பெருமாள்ராஜின் மனைவி முத்துராணி கயிற்றைப் பையக் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் போட்டார்கள்.

பரிவட்டம் கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜமீன் வாரிசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கணக்கரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மைக் கரகரத்தது. "பெருமாள்ராஜ். கட்டை."

"கேக்கல அண்ணாச்சி."

"பெருமாள்ராஜ், கட்டை."

இம்முறை ஆற்றங்கரை வரை கேட்டது. கட்டை சக்கரத்தடியில் இறங்கியது.

"விழுந்தாச்சு."

தேர் திரும்பியது. இன்னும் மூன்று முக்குகள் இருந்தன.