கூடிய ஓட்டும் குறைந்த ஓட்டும்

பத்து வருஷமாக ஆளுங்கட்சிக்காக வீடு வீடாகப் படியேறியவள் அவள். கட்சிக்காரர்களுக்கெல்லாம் அக்கா. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியதும் கட்சி பேச்சை மாற்றிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தை அழைத்துக்கொள்ள இனி அனுமதி இல்லை என்று சட்டம் வந்தது. அதில் அவளுடைய தம்பி மனைவியின் விசாவும் அடிபட்டுப் போயிற்று. தம்பி இப்போது அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அன்று மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"போன தடவை உங்களுக்குப் போடலம்மா. இப்ப வெளியாளுங்க வர்றதை நிறுத்துனீங்க பாருங்க, அதுக்காகவே இந்தத் தடவை உங்களுக்குத்தான்."

அவர் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள்.

கீழே நின்ற வட்டச் செயலாளர் கேட்டான். "என்னக்கா, அந்த வீட்டு ஓட்டு நமக்கா?"

"நமக்குத்தான்."

"அப்ப ஒண்ணு கூடிருச்சு."

"கூடலப்பா. என்னோடதைக் கழிச்சுக்கோ."

அக்கா வேடிக்கை பேசுகிறாள் என்று அவன் சிரித்தான். மிச்சமிருந்த நோட்டீஸ்களை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். விளக்கிச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.