போன வியாழக்கிழமை வந்த அம்மா

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் புருஷன் தானாக வந்து, "வா, எங்கயாவது போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் ஒரு பெண்டாட்டி சந்தோஷப்பட வேண்டும். இவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதுவும் சும்மா இல்லை. காலையில் தனிக் கார் வாசலுக்கே வருமாம். மதியம் வரை பழைய கோட்டையும் இடிந்த அரண்மனையும், அப்புறம் கடலோர ரோடு, சாயங்காலம் வீடு. கூட வேறு யாரும் கிடையாது, நாம ரெண்டு பேர்தான் என்று அதை வேறு அழுத்திச் சொன்னார்.

சந்தேகப்படுவது அவளுக்குத் தொழில். பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் கவுன்ட்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். "பிரிக்கவே இல்லைங்க" என்று சத்தியம் செய்து நீட்டுகிற சட்டையின் காலரை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அது எத்தனை விருந்துக்குப் போய்வந்தது என்று சொல்லிவிடுவாள். கடையில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அதுவும் அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் போன வெள்ளிக்கிழமை புருஷனின் பேன்ட்டைத் துவைக்க எடுத்து உதறினாள். கால் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. கட்டடத்து மணல் இல்லை. மாவு மாதிரி வெள்ளை மணல், நடுவில் ஒரு சிப்பித் துண்டு. அவர் லிஃப்ட் சோதனை அதிகாரி. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் போட்டால் அவர் போய் ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்கள் ஏறலாம். வியாழக்கிழமை முழுக்கப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை என்று சொல்லியிருந்தார். லிஃப்ட்டுக்குள் கடல் எப்படி வந்தது?

அவள் கேட்கவில்லை. கவுன்ட்டரில் கற்றது அது. முதலிலேயே கேட்டால் பொய்தான் வரும். சும்மா விட்டால் தானே உளறுவார்கள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பயணப் பேச்சு வந்தபோது, ஆகா, மனசு உறுத்துகிறது மனுஷனுக்கு என்றுதான் அவள் நினைத்தாள்.

புதன்கிழமை காலை கார் சொன்ன நேரத்துக்கு வந்தது. டிரைவர் வாய் ஓயாத ஆள். ரோட்டில் போகிற மாட்டுக்குக்கூட வரலாறு சொன்னார். ஊர் எல்லை தாண்டியதும் அவள், "ஏசியைக் கொஞ்சம் குறைங்க தம்பி, தலைக்கு ஆகாது" என்றாள்.

"குறைச்சிடலாம்மா. போன வியாழக்கிழமை வந்த அம்மாவும் இதையேதான்..."

அவள் புருஷன் பலமாக இருமினார். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார், அதற்கப்புறம் இருபது கிலோமீட்டருக்கு வாயே திறக்கவில்லை. இவள் ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்தாள். ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை.

கோட்டை வாசலில் இறங்கியபோது புருஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் கல் ஆடும் என்றார். மேலே போக முப்பத்தாறு படி, நடுவில் இரண்டு இடத்தில் நின்றுகொள்ளலாம் என்றார். கூரை போன மண்டபத்தில் மூன்றாவது தூணைக் காட்டி, "இதுக்கடியில உக்காரு. பன்னிரண்டு மணி வரைக்கும் நிழல் இருக்கும்" என்றார்.

"நீங்க இங்க முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"நானா? இல்லையே. பாத்தா தெரியுதில்ல?" என்றவர், "மேல வழி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று நழுவினார். முப்பது லிஃப்ட்டைப் பார்த்தால் இருபதில் குறை கண்டுபிடிக்கிற மனுஷனுக்குப் பொய் சொல்ல மட்டும் வரவில்லை. காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்தத் தூண்களில் எவனோ ஒரு சிற்பி ஆயுசைச் செலவழித்துக் கொடிகள் செதுக்கியிருந்தான். கல் தெருவில் பழைய வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம் இன்னும் இருந்தது. பாவம், எல்லாம் வீண். அவள் பார்த்ததெல்லாம், தண்ணீர் பாட்டிலும் குடையுமாக வந்துகொண்டிருந்த டிரைவரை மட்டும்தான்.

வாயைப் பிடுங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கேள்வி கேட்கக் கூடாது. பாதி தெரிந்த மாதிரி பேச வேண்டும்.

"அந்தம்மா இந்தப் படியெல்லாம் ஏறி முடிக்கிறதுக்குள்ள படாத பாடு பட்டிருப்பாங்களே, தம்பி."

"அதை ஏன்மா கேக்குறீங்க! இருபதாவது படியிலயே உக்காந்துட்டாங்க. சார்தான் பக்கத்துல நின்னு பேப்பரால விசிறிக்கிட்டே இருந்தாரு." சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. "அம்மா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன? நல்லவங்கதான் அவங்க."

"நல்லவங்கதாம்மா, ஆனா சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஏறினதும் கைக்குட்டையில சென்ட்டைத் தெளிச்சு சீட்டு பூரா தொடைச்சாங்க. அதோட விட்டாங்களா? என்னை இறங்கச் சொல்லி என் சீட்டையும் தொடைச்சாங்க."

கைக்குட்டையில் சென்ட் தெளித்து சீட் துடைக்கிற பெண்பிள்ளை இந்த உலகத்திலேயே ஒருத்திதான். பஸ்ஸிலும் துடைப்பாள், டாக்டர் வீட்டு நாற்காலியையும் துடைப்பாள். இவளுடைய கூடப் பிறந்த அக்கா.

டிரைவரைக் கார் பக்கம் அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, போன வியாழக்கிழமை எங்க இருந்தே? போனே எடுக்கலையே?"

"அன்னைக்கே சொன்னேனேடி, கண் டாக்டர்கிட்ட. மருந்து விட்டிருந்தாங்க."

"எந்தக் கண்ணுல?"

"வலது... ரெண்டுலயும்தான். ஏண்டி, நீ இப்ப எங்க இருக்கே? சாப்பிட்டியா? சரியா கேக்கல, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். ஒருமுறைகூட முதலில் போனை வைக்காத அக்கா. "சரி வச்சிடறேன்" என்று சொன்ன பிறகும் அரைமணி நேரம் பேசுகிற அக்கா.

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு கணக்கு. இன்றைக்கு இது உண்மை என்று தெரிந்துவிட்டால் சாயங்காலம் அந்தக் காரில் ஏறி அந்த வீட்டுக்குப் போக மாட்டாள். சரி, வேறு எங்கே போவாள்? இத்தனை வருடத்தில் சண்டை போட்டுக்கொண்டு அவள் போனதெல்லாம் அக்கா வீட்டுக்குத்தான். அந்த வீடும் போய்விட்டதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க அவளுக்கு ஒரு வாசல் கிடையாது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மேலே போனார்கள். முப்பத்தாறு படிதான், எண்ணிப் பார்த்தாள். உச்சியில் இடிந்த சுவரின் ஓட்டை வழியாகக் கடல் முதல்முறையாகத் தெரிந்தது. அவர் கடலைப் பார்க்கவில்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த ஆராய்ச்சி? நமக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கிறாரா? "நல்லா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றாள் உப்புச் சப்பில்லாமல். அவர் முகம் வாடிப்போனது.

கடலோர ரோடு மலையை ஒட்டி வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கம் செம்பாறை, இன்னொரு பக்கம் நேராகக் கீழே நீலத் தண்ணீர். டிரைவர் ஒரு திருப்பத்தில் கேட்காமலேயே வண்டியை நிறுத்தினார். அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு, அதற்குப் பக்கத்தில் கம்பி கட்டிய பாதை. கீழே பாறைகளும், பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு மணலும் தெரிந்தன. காற்று அதே மணலைப் பெஞ்சடியிலும் பாதையிலும் குவித்திருந்தது. வெள்ளை மணல். மாவு மாதிரி.

டிரைவர் கார் பக்கமே நின்றுவிட்டார். புருஷன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவள் கேட்டாள்:

"போன வாரம் அக்காவும் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தாளா?"

பொட்டலம் அப்படியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? ஆமாவா, இல்லையா?"

"ஆமா" என்றார். அப்புறம் நிம்மதியாக மூச்சு விட்டு, "அப்பாடா, ஒரு வாரமா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு" என்றார். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினார்.

அலுவலகத்தில் லிஃப்ட்டுக்கு நிரப்புகிற சோதனைப் படிவம். மேலே கட்டடத்தின் பேர் எழுதுகிற இடத்தில் 'ஒருநாள் பயணம்' என்று இருந்தது. கீழே வரிசையாக அவருடைய பொடி எழுத்து. கார்க் கதவு: முழுதாகத் திறக்கிறது. படிகள்: முப்பத்தாறு, இடப்பக்கம் பிடிமானம் இல்லை. தூண் நிழல்: பன்னிரண்டு வரை. கழிப்பறை: சுத்தம், குந்த வேண்டியதில்லை. பெஞ்சு: உறுதி. கடைசி வரி: பாறை வழியே தண்ணீர் வரை. அதற்கு நேரே சிவப்பில் 'வேண்டாம்'.

"ரெண்டு வருஷமா நீ வீடு, கடை, வீடுன்னே கிடக்கறே" என்றார் அவர். "முட்டிக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு இடத்துக்கு வரதில்ல. எங்க கூப்பிட்டாலும் படி இருக்குமேன்னு பயப்படறே. அதான் ஒரு தடவை நானே வந்து பாத்துட்டேன்."

"பாக்கறதுக்கு அக்கா எதுக்கு?"

"வெறும் லிஃப்ட்டைப் பாத்துட்டு எப்படிக் கையெழுத்து போடறது? சுமை ஏத்திப் பாக்கணும். அதுவும் தாங்க வேண்டிய எடைக்கு மேல கால் பங்கு கூட ஏத்தணும். நீ அறுபத்து நாலு கிலோ. கால் பங்கு சேத்தா எண்பது." சற்றுத் தயங்கினார். "உங்க அக்கா சரியா எண்பது. அவங்களுக்கும் அதே இடது முட்டியிலதான் வலி."

படிவத்தில் அதுவும் இருந்தது. சுமைச் சோதனை: எண்பது கிலோ, இருபதாவது படியில் ஒருமுறை நின்றது, பிறகு கோளாறு இல்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்காகிட்ட சொன்னீங்களா, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு?"

"உனக்கு இடம் பாக்கன்னு சொன்னேன். எடைன்னு சொல்லல. எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஆமா, நீ என்னன்னு நினைச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் பொய்யைக் காலரைத் தடவிக் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தமாக ஒரு பொய் அந்த நேரத்துக்கு அகப்படவில்லை. நினைத்ததைச் சொன்னாள். மணலிலிருந்து ஆரம்பித்து, சாயங்காலம் காரில் ஏறக் கூடாது என்று முடிவு செய்தது வரை.

அவர் சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி மடித்தார், திரும்பப் பிரித்தார், திரும்ப மடித்தார். "உங்க அக்காவையா?" என்றார். "என்னையா?" அவ்வளவுதான். சோற்றைத் தொடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா? எல்லாவற்றையும் தானே பார்த்து, தானே முடிவு செய்து, வேண்டாம் என்று சிவப்பில் எழுதியும் வைத்துவிட்டால் பெண்டாட்டி என்பவள் எதற்கு, லிஃப்ட்டில் ஏறி நிற்கவா? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வரவில்லை. எழுந்தாள். செருப்பைக் கழற்றிப் பெஞ்சடியில் விட்டாள். கம்பியைத் தாண்டி, பாறைப் பக்கமாக இறங்கினாள்.

"ஏய்! அங்க வேண்டாம்! அதை நான் பாக்கல!"

"தெரியும்" என்றாள் திரும்பாமல்.

முதல் பாறை தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது பாசி பிடித்திருந்தது. முட்டி சுருக்கென்றது, ஒரு நிமிடம் உடம்பு சாய்ந்தது. சமாளித்து நின்றாள். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. பார்க்காத இடத்தில் ஆயுசில் கால் வைக்காத மனுஷன், பூட்ஸ் காலோடு, பேன்ட் கிழிய, உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கி வந்துகொண்டிருந்தார். வந்த வேகத்தில் அவள் மேல்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? விழுந்திருந்தா?"

"விழலையே."

"போன தடவை நீ விழுந்தப்ப நான் ஏதோ ஒரு ஓட்டல்ல லிஃப்ட்டுக்குக் கையெழுத்து போட்டுட்டிருந்தேன். வீட்ல நீ மாடிப்படியில கிடந்திருக்கே. ஒரு மணி நேரம்." பிடியை இன்னும் இறுக்கினார். "ஒரு மணி நேரம் கிடந்திருக்கே."

இரண்டு வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. அவள் தன் கையைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அறுந்து தொங்குகிற லிஃப்ட்டிலிருந்தும் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்தவர் என்று அலுவலகத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். இந்த நடுக்கத்தில் அவள் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

"நான் நினைச்சது தப்புங்க" என்றாள். "என்னை மன்னிச்சிடுங்க."

தண்ணீருக்கு இன்னும் நாலு பாறை இருந்தது. அவர் அடுத்த பாறையைக் காலால் அழுத்திப் பார்க்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "எதுல கால் வைக்கலாம், நீ சொல்லு" என்றார்.