பெட்டிக்குச் சாம்பிராணி

காரைக்கால்மேட்டில் கடலைப் பார்த்த எங்கள் மாடி அறையிலிருந்து ஹாம் ரேடியோவின் பவர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போக, எங்கள் கிளப் தலைவர் சிவராமன் காரோடு வந்திருந்தார். நாம் பேசுவதை வலுவாக்கித் தூரத்துக்கு அனுப்பும் அந்தப் பெட்டி கிளப்புடையது. கொஞ்ச நாளாக, பேசப் பொத்தானை அழுத்தினாலே உள்ளே 'டப்'பென்று வெடித்து அணைந்துகொண்டிருந்தது.

"வால்வு போச்சும்மா. உப்புக்காத்து. உங்களால பராமரிக்க முடியாது. கோட்டுச்சேரியில எங்க வீட்டுல வச்சிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன புயலில் செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தபோது, எந்தப் படகு எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியது என்ற சேதி இந்த அறைக்குத்தான் வந்தது. வாசலில் அழுதுகொண்டு நின்ற பெண்களுக்கு அதைச் சொன்னவள் நான். இடுப்பளவு தண்ணீரில் கோட்டுச்சேரிக்கு யார் நடந்து போய்க் கேட்பார்கள்?

"பாத்துட்டுச் சொல்றேன் சார். அதுவரைக்கும் உக்காருங்க."

ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினேன். பவரைக் குறைத்தால் சத்தமில்லை. ஏற்றினேன். காற்றுத் துவாரம் வழியே நீலப் பொறி தெரிந்தது. வால்வில் இல்லை, டியூனிங் கெபாசிட்டரின் தகடுகளுக்கு நடுவில். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரத்தை எர்த் கம்பியால் இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். தகடெல்லாம் கரி. மோந்து பார்த்தால் சாம்பிராணி வாசனை.

கதவருகே நின்ற என் மாமியார் ஆஸியா பீவிக்கு முகம் சுண்டிவிட்டது. "வெள்ளி ராவானா பொட்டிக்கும் காட்டுவேன்மா. பொட்டியோட ஃபேன் பொகைய நல்லா இழுக்குதேன்னு கிட்டக்க புடிச்சேன். கண்ணேறு படக்கூடாதுன்னுதான்."

சிவராமன் சிரித்தார். "இதுக்குத்தாம்மா சொல்றேன்."

அந்தப் புயலில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் மாமி. அவரைப் பார்த்துச் சிரிக்க இவர் யார்?

பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுக் கரியைத் தேய்த்து எடுத்தேன். பொறி கடித்த விளிம்புகளை உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன். மூடியைப் பூட்டி, முழு பவரில் பொத்தானை அழுத்திப் பேசினேன். 'டப்' சத்தமே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து பதில் வந்தது: "மெஹர் பானு, கணீர்னு கேக்குது."

சிவராமன் எழுந்தார். "இன்னிக்கி ஓடுது. மறுபடியும் புகை போட்டா?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி உள்ளே வந்தார்.

"சாம்பிராணிய இனிமே கீழ கூடத்தோட நிறுத்திக்கிறேன் தம்பி. ஒங்க வீட்டுலேர்ந்து கடலு தெரியுமா? தெரியாதுல்ல. பொட்டி இங்கதான் இருக்கும். நீங்க டீயக் குடிச்சிட்டுக் காரை எடுங்க," என்றார்.