மடி உதறாமல் போன நாள்

திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கும் எங்கள் மல்லாட்டை மில்லுக்கு அப்பா வைத்த சட்டம் ஒன்று உண்டு. கொட்டை பொறுக்கும் பெண்கள் வெளியே போகும்போது வாசலில் நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். அவருக்குப் பிறகும் அதை நான் மாற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் சட்டம் என்றால் சட்டம்தான்.

அறுபத்தைந்தாம் வருடம், தை மாதம். இந்தி எதிர்ப்பில் ஊரெல்லாம் கலவரமாக இருந்தது. காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் டெலிபோன் அடித்தது.

"மில்லுல பாம் வெச்சிருக்குது. பன்னண்டுக்கு வெடிக்கும்."

பழக்கமில்லாத ஆண் குரல். டெலிபோனை வைத்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு போலீசுக்குப் பேசினேன். எல்லோரையும் தூரமாக அனுப்புங்கள், எதையும் தொடாதீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

மெஷினை நிறுத்தினோம். காவல்காரன் கண்ணையன் ஓடிவந்தான்.

"மூட்டையெல்லாம் பொரட்டிப் பாத்துடட்டுங்களா?"

"மூட்டையத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன். ஜல்தியா லாரி கேட்டைத் தொற!"

கேட் அகலத் திறந்தது. நாற்பத்திரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் கேட்டுக்குள்ளேயே வரிசையில் நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற இருதயமேரி மடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணிக்கினு இருக்கீங்க? ஓடுங்க!"

யாரும் நகரவில்லை. மேஸ்திரி குப்பம்மாள் முன்னால் வந்தாள். என்னை எதிர்த்துப் பேச மில்லில் அவள் ஒருத்திக்குத்தான் துணிச்சல்.

"மடி காட்டாம போனா, நாளைக்கு ரெண்டு மரக்கா கொட்டை கொறையுதுன்னு எங்களத்தானே கேப்பீங்க? எங்களுக்கும் மானம் இருக்குதுங்க ஐயா."

"உசுரு போற நேரத்துல மானம் பேசறியா?"

"நீங்க பேச மாட்டீங்களா?"

பேசுவேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றே கால். பஜார் தெருவே எதிரில் கூடி நின்றது. நான் கேட் நடுவில் போய் நின்று, என் வேட்டி மடியை அவிழ்த்து உதறினேன். மூக்குப்பொடி மட்டை ஒன்று கீழே விழுந்தது.

"என் மடி காலி. உங்க மடி மேல எனக்குச் சந்தேகமில்ல. நாளைக்கு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எங்கப்பா பேர்ல சத்தியம். போங்க!"

"பொடிய விட்டுட்டேன்னு வீட்டம்மாகிட்ட சொன்னீங்களே!" என்றாள் குப்பம்மாள்.

சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அவர்களை நிறுத்தி, குப்பம்மாள் இரண்டு தரம் தலை எண்ணினாள். விழுப்புரத்திலிருந்து வந்த போலீசார் சாயங்காலம் வரை தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் கண்ணையன் வழக்கம்போல மடி பார்க்க வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். குப்பம்மாள் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நேத்து பண்ண சத்தியம் நேத்தோட சரிங்களா?"

சட்டம் அப்பா வைத்தது. சத்தியமும் அவர் பேரில் செய்தது. எங்கள் குடும்பத்தில் சத்தியத்துக்குக் கெடு வைத்தவர் யாருமில்லை.

"கண்ணையா, ஸ்டூலை எடுத்துக்கினு உள்ள வா," என்றேன். "இனிமே அது அங்க வேணாம்."

பெண்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். குப்பம்மாள் மட்டும் திரும்பி வந்தாள்.

"பொடி சங்கதிய அம்மாகிட்ட நான் சொல்லலீங்க," என்றாள்.