விஸ்கோலின் கழுத்துக்கட்டை

நாய்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நேயா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்லோவேனியாவிலிருந்து ருமேனியாவுக்குத் தன்னார்வலராக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாய்க் காப்பகத்தில் அவளுக்கென்றே ஒரு வேலை உண்டு. கொண்டுவரப்படும் நாய்களின் கழுத்தில் சதையோடு சதையாக இறுகிப்போன கம்பியையும் சங்கிலியையும் வெட்டி எடுக்க வேண்டும். கடிக்க வரும் நாய்கூடக் கொஞ்ச நேரத்தில் அவளிடம் தலையைக் கொடுத்துவிடும். எடுத்த சங்கிலிகளைக் காப்பகத்தின் வாசல் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். வருகிறவர்களிடம் அந்தச் சுவரைக் காட்டும்போது அவள் குரலே கொஞ்சம் உயர்ந்துவிடும்.

துவார்த்தேவுக்கு அந்த மாதிரிப் பெருமையெல்லாம் கிடையாது. போர்த்துகலில் கடற்கரை ஊர்க்காரன். அதே காப்பகத்தில் கூண்டு கழுவுகிறவன், கழுவும்போது பாடுகிறவன். கோடையில் விடுமுறை கிடைத்ததும் கருங்கடலுக்குப் போய் மணலில் படுத்துக் கிடக்கலாம் என்றான். நேயா விடவில்லை. ஃபகராஷ் மலை முகட்டின் மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பது என்று அவள் வந்த நாளிலேயே முடிவுசெய்திருந்தாள்.

"நான் பாதி வழியில உக்காந்துட்டா நீதான் என்னைத் தூக்கிட்டு வரணும். சம்மதமா?" என்றான்.

"தோள்ல உக்கார வெச்சே தூக்கிட்டு வர்றேன். கெளம்புடா."

இரண்டாம் நாள் மதியம், முகட்டுக்குச் சற்றுக் கீழே ஓர் ஊற்றில் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது அந்த நாயைப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி அளவு, அழுக்கு வெள்ளை நிறம். கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு முழ நீளக் கட்டை குறுக்காகத் தொங்கியது. நாய் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் அது முன்னங்கால் முட்டிகளில் இடித்தது.

நேயாவுக்கு ரத்தம் கொதித்தது. "அந்த முட்டியைப் பாரு. முடியே இல்ல. எந்தப் பாவி இப்படிக் கட்டி விட்டிருக்கான்?"

"ஆட்டுக்காரங்க நாயா இருக்கும். கட்டினவனுக்கு ஒரு காரணம் இருக்கும். நமக்கெதுக்கு? வா போலாம்."

"உன் கழுத்துல ஒண்ணு கட்டித் தொங்கவிட்டா இப்படிப் பேசுவியா?"

"முதுகுல இந்த மூட்டையைக் கட்டிவிட்டிருக்கியே தாயே, அது போதாதா?"

அவள் கேட்டால்தானே. காப்பகத்தில் செய்வதுபோலவே நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அதன் கண்ணைப் பார்க்காமல், தன்னால் ஆபத்தில்லை என்று காட்டக் கொட்டாவி விட்டாள். ஆட்டுப் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டைத் தன் அருகிலேயே உருட்டிவிட்டாள். நாய் நெடுநேரம் நின்று யோசித்தது. பிறகு தயங்கித் தயங்கி வந்து தின்றது. அடுத்த துண்டை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. அது மென்று முடிப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

கட்டையைக் கயிறோடு தன் பையின் பக்கவாட்டில் செருகினாள். "நம்ம சுவருக்கு" என்றாள். விடுபட்ட நாய் புல்லில் வட்டம் வட்டமாக ஓடியது. வேண்டாம் என்று சொன்ன துவார்த்தேகூடச் சிரித்துவிட்டான். கீழே எங்கிருந்தோ ஆட்டு மணிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாய் அந்தப் பக்கம் போகவில்லை. பாலாடைக்கட்டி இருந்த பையின் பின்னாலேயே வந்தது.

கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கியது. நாலடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. ஒரு பக்கம் ஆள் உயரக் குட்டைப் பைன் புதர், மறுபக்கம் உருளைக்கல் சரிவு. பனி விலகட்டும் என்று அங்கேயே நின்றார்கள். நாய் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அடுத்த நொடி அம்பாகப் புதருக்குள் பாய்ந்தது. குரைப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. ஒரு நாய் ஓடினால் இவ்வளவு கிளை முறியாதே என்று நேயா நினைத்தாள்.

நாய் வாலை இடுக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தது. நேராக அவளிடம் வந்து அவள் கால்களுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே கரடி வந்தது.

நேயா நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடக் கூடாது என்பது தெரியும். மலைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். துவார்த்தேவுக்கும் தெரியும். ஆனால் அவன் கால்களுக்குத் தெரியவில்லை. பின்பக்கமாகவே இரண்டு எட்டு வைத்தான், மூன்றாவது எட்டுக்கு அங்கே தரை இல்லை. கற்கள் சரசரவென்று சரிய, அவன் அலறல் கீழே போய்ச் சட்டென்று நின்றது.

கரடி பின்னங்காலில் எழுந்து நின்று மூச்சை உறிஞ்சியது. அதன் வாய் நாற்றம் அவள்வரை வந்தது.

"சரி... சரி... ஒண்ணுமில்ல. நல்ல பிள்ளை. போயிடு" என்று பேசினாள். நடுங்கும் நாய்களிடம் பேசுகிற அதே பேச்சு. அவளுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. கரடி நாலு காலில் இறங்கி, தரை அதிர ஓடிவந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் சடாரென்று நின்று சீறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலுக்குப் பின்னாலிருந்த கதகதப்பு விலகியது. கண்ணைத் திறந்தபோது நாய் கரடியின் பக்கவாட்டில் பாய்ந்து குரைத்துக்கொண்டிருந்தது. கரடி அதன் பக்கம் திரும்பியது. இரண்டும் பனிக்குள் மறைந்தன. ஓர் ஊளைச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

நேயா இறங்கிப் போய்ப் பார்த்தபோது துவார்த்தே சரிவின் அடியில் கிடந்தான். உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"கடலுக்குப் போலாம்னு சொன்னேன்ல?" என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தான்.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. அவன் உதடு வெளுத்து, பற்கள் தந்தியடித்தன. குளிர் அவனை எலும்பு முறிவைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தூக்கப் பைகள் இரண்டையும் அவன்மேல் போர்த்தினாள். காலுக்கு அணைகொடுக்க நேரான கம்பு வேண்டும். பைன் கிளையெல்லாம் பாம்பாக வளைந்திருந்தது. தன் பையைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தது அந்தக் கட்டை ஒன்றுதான். அதை அவன் காலோடு வைத்து, நாயின் கழுத்தில் இருந்த அதே கயிற்றால் கட்டினாள். அவன் கத்திய கத்தலில் அவள் கை ஒருமுறை நின்றது. பிறகு மறுபடி கட்டினாள்.

விசிலை எடுத்து ஊதினாள். ஊதிவிட்டுக் காது கொடுத்தாள். மணிச் சத்தம் வந்தது. அதற்கு முன்னால் குரைப்பு வந்தது.

பனிக்குள்ளிருந்து நாலு நாய்கள் வந்தன. ஆளே இல்லை. அவற்றுக்குக் கழுத்தில் கட்டை இருந்தது, அதனால் ஓடவில்லை. நடந்தே வந்து சுற்றி வளைத்துக்கொண்டு பல்லைக் காட்டின. காப்பக வித்தை ஒன்றும் இங்கே செல்லாது என்று முதல் உறுமலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இவை பயந்த நாய்கள் இல்லை, வேலையில் இருக்கும் நாய்கள். அவள் துவார்த்தேமேல் கவிழ்ந்து, அவன் தலையைத் தன் கைகளால் மூடிக்கொண்டாள்.

"நேயா, கடிச்சா உன் காலைக் கடிக்கட்டும். என்னுது ஏற்கெனவே போச்சு."

"வாயை மூடுடா."

"ஹே! விலகுங்க! விலகுடி கழுதை!" கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. நாய்கள் ஒவ்வொன்றாய்ப் பின்வாங்கின. ஆட்டுத்தோல் அங்கியும் கையில் தடியுமாக ஒருவன் ஏறிவந்தான். பெயர் கவ்ரிலா, முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குனிந்து துவார்த்தேவின் காலைப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

"விஸ்கோல் எங்கே?" என்றான்.

அந்தப் பெயரை அப்போதுதான் அவள் முதலில் கேட்கிறாள். சொல்லிவிட்டாள். ஊற்றடி, பாலாடைக்கட்டி, கரடி, ஊளை, எதையும் மறைக்கவில்லை. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"கட்டை இருந்தா அது மந்தையை விட்டு எட்டப் போவாது. நின்ன எடத்துல நின்னு குரைக்கும், கரடி கேட்டுட்டு வேற பக்கம் போயிரும்" என்றான் பொறுமையாக. "அவுத்துவிட்டா தேடிப் போய்ச் சீண்டும். கரடி திருப்பித் தொரத்தினா மனுசங்கிட்டதான் ஓடியாரும். வேற எங்க போவும், சொல்லு?"

கழுதையைக் கொண்டுவந்து துவார்த்தேவை ஏற்றினான். பட்டிக்குப் போகும் வழியெல்லாம் துவார்த்தே பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். ஒரு தடவை மட்டும் நேயாவைத் திரும்பிப் பார்த்து, "தோள்னு சொன்னே, கழுதையைக் குடுத்துட்டே" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் செத்திருப்பான், அவளால் செத்திருப்பான். அந்த நினைப்பு அவளை விடவே இல்லை.

பட்டியில் மக்காச்சோளக் களியும் சூடான பாலும் கொடுத்தார்கள். கவ்ரிலா பாறைமேல் ஏறிப் போன் செய்ய, மாலை மங்கும் முன்பே மீட்புப் படை வந்துவிட்டது. காலுக்குச் சரியான மட்டை வைத்துக் கட்டி, அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். தரையில் கிடந்த கட்டையைக் கவ்ரிலா எடுத்துக்கொண்டான். மேட்டில் ஏறி, இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். மந்தையின் மேல் ஓரம் காவலில்லாமல் கிடந்தது. விஸ்கோலின் இடம் அது.

"கெளம்பலாமா?" என்றார் மீட்புப் படைக்காரர். நேயா நகரவில்லை. துவார்த்தே ஸ்ட்ரெச்சரிலிருந்து, "கொஞ்சம் இருங்க. அவ வரட்டும்" என்றான்.

மறுபடி சீட்டி. இன்னொரு முறை. பனி கலைந்த சரிவில் அழுக்கு வெள்ளையாய் ஒன்று நகர்ந்தது. நொண்டிக்கொண்டே இறங்கி வந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது, தோளில் ரத்தம் உறைந்திருந்தது. உயிர் போய் உயிர் வந்தது நேயாவுக்கு. அழுதாள், யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

கவ்ரிலா நாயின் காயத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு கட்டையையும் கயிற்றையும் அவளிடம் நீட்டினான்.

"நீ அவுத்தது. நீயே கட்டு."

"அதுக்குக் காயம் இருக்கே. இன்னைக்கு ஒரு நாள்..."

"கரடி இன்னைக்கும் அங்கதான் இருக்கு."

அவள் மண்டியிட்டாள். எத்தனையோ கழுத்துகளிலிருந்து எத்தனையோ கட்டுகளை வெட்டி எடுத்த கை அது. ஒன்றைக்கூடக் கட்டியதில்லை. கட்டையைத் திருப்பியபோதுதான் கவனித்தாள். முட்டியில் படும் இரு முனைகளிலும் யாரோ கம்பளி சுற்றித் தைத்திருந்தார்கள். தேய்ந்த இடத்தில் புதுக் கம்பளி வைத்து மறுபடி தைத்திருந்தார்கள். ஊற்றடியில் அது அவள் கண்ணில் படவே இல்லை.

இந்த முறை அவள் கொட்டாவி விடவில்லை. கையில் பாலாடைக்கட்டியும் இல்லை. விஸ்கோல் அவளை முகர்ந்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் கொடுத்தது.

முடிச்சு போட்டாள். கவ்ரிலா இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டு" என்றான். அவிழ்த்து, தாழ்த்திக் கட்டினாள். நாய் எழுந்து உதறிக்கொண்டது. கட்டை முட்டியில் இடிக்க இடிக்க மேட்டில் ஏறி, மந்தையின் மேல் ஓரத்தில் பைன் புதரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.